ரைஃபிளுக்கு முன்னால் பைனாகுலர்

போன வாரம் நியூசிலாந்தின் டனீடினிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். வேட்டைக்குப் போகத் துப்பாக்கி உரிமம் கைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறதாம். "அண்ணா, 4,000 டாலர் சேர்த்து வச்சிருக்கேன். எந்த ரைஃபிள் வாங்கலாம், எந்த ஸ்கோப் வைக்கலாம், சொல்லுங்க" என்றார். ஸ்கோப் என்பது ரைஃபிள் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி. கடையில் புதிதாக வந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கார்பன் ஃபைபர் சுற்றிய குழல், எடையே தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். 2021-ல் எனக்கும் அதே ஆசை இருந்தது. அரை மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த திருப்தி எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வால்பாறைக்காரன். அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆழியாரிலிருந்து ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். பொள்ளாச்சி போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது அந்த வளைவு நெருங்கினால், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருக்கும் என் தோளை அப்பா தட்டுவார். வெளியே பாறை மேல் வரையாடுகள் நிற்கும். சில நாள் ஒன்று, சில நாள் ஏழெட்டு. பஸ் திரும்பும் அந்த ஒரு நிமிடத்துக்குள் எத்தனை என்று எண்ணிவிட வேண்டும். அது எங்கள் இருவருக்குள் இருந்த விளையாட்டு.

2017-ல் நியூசிலாந்து வந்தேன். தென் தீவில் திமாரு ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் டெக்னீஷியன் வேலை. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். ஆயுசு முழுக்கச் செம்மறி ஆடு மேய்த்தவர், நாற்பது வருடமாக மலையில் வேட்டையாடுகிறவர். அவரோடு முதலில் சும்மா நடக்கப் போனேன். அப்புறம் அவர் சுமையில் பாதியைத் தூக்கப் போனேன். நான்காவது வருடம்தான் உரிமத்துக்கு விண்ணப்பித்தேன்.

நம் ஊரில் வேட்டை என்றாலே குற்றம். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது சரியும்கூட. இங்கே கதை தலைகீழ். இந்தத் தீவுகளுக்குச் சொந்தமான நிலப் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். மான், மலையாட்டு வகைகளான ஷாமுவா, தார் எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. அவற்றைத் தின்னப் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மனிதன் குறைக்காவிட்டால் மலைச்சரிவின் புல்லும் பூவும் மொட்டையாகிவிடும். பொது நிலத்தில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறை இணையத்தில் இலவசமாகவே அனுமதி கொடுக்கிறது. ஆனால் துப்பாக்கி உரிமம் அப்படிக் கிடைக்காது. தேர்வு எழுத வேண்டும், வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டி எங்கே பொருத்தியிருக்கிறது என்று பார்ப்பார்கள். என் மனைவியிடம் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். 2019-ல் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு சட்டம் இறுகியது, அதில் எனக்கு முழுச் சம்மதம். முதல் உரிமம் 5 வருடத்துக்குத்தான். 2023 ஜூன் முதல் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

இனி அந்த 4,000 டாலருக்கு வருகிறேன்.

தம்பி, ரைஃபிளைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். என்னுடையது டிக்கா டி3எக்ஸ், பின்லாந்துத் தயாரிப்பு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடுவது, வெறும் ரைஃபிள் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பெட்டியிலிருந்து எடுத்த நாளிலேயே என்னைவிட அது நன்றாகச் சுட்டது. இன்றைக்கு அந்த விலையில் விற்கிற எந்த நல்ல ரைஃபிளும் அப்படித்தான். தோட்டா வகையில் 6.5 கிரீட்மூரா, .308-ஆ என்ற சண்டையில் இறங்கவே இறங்காதீர்கள். 200, 250 மீட்டரில் நிற்கிற மானுக்கு இரண்டுமே போதும், தோட்டா எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். நான் 6.5 வைத்திருப்பதற்குக் காரணம் தோளில் உதை குறைவு என்பதுதான். உதை குறைந்தால் விசையை அழுத்தும்போது கண் மூடாது. கார்பன் குழலில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் எடையை என் பெரியவர் தன் பையிலிருந்து இரண்டாவது ஸ்வெட்டரை எடுத்து வெளியே வைத்தே மிச்சம் பிடித்துவிடுவார்.

இரண்டாம் கையாக வாங்கினாலும் தப்பில்லை. இங்கே ஸ்கோப், சப்ரசர் எல்லாம் பொருத்தியே விற்பார்கள். கைமாறியதைப் பதிவேட்டில் தெரிவித்துவிடுங்கள். சப்ரசர் என்பது குழல் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் உருளை, ஆனால் நம் ஊர்ச் சினிமாவில் காட்டும் சைலன்சர் இல்லை. சத்தம் நன்றாகவே கேட்கும். 140 டெசிபலைத் தாண்டும் ஒரே ஒரு வெடிச்சத்தம் காதை நிரந்தரமாகக் கெடுக்கும். ரைஃபிள் அதற்கு வெகு மேலே போகிற சாதனம். சப்ரசர் அதை அந்த எல்லைக்கு அருகே இறக்கிக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். பெரியவருக்கு இடது காது இப்போது கேட்பதில்லை. அவர் இளமையில் இதெல்லாம் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஸ்கோப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் ஒரு மிருகத்துக்குத் துரோகம் செய்யப் பார்த்தேன்.

என் முதல் ஸ்கோப்பை வாங்கிய கடையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். 100 மீட்டரில் காகிதத்தில் சுட்டுப் பார்த்தேன், மூன்று தோட்டாவும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கின. இரண்டு மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், ஒரு பெண் மான் 180 மீட்டரில் பக்கவாட்டில் நின்றது. காற்று இல்லை. பை மேல் ரைஃபிளைத் தாங்கி, மூச்சை விட்டு, அழுத்தினேன். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி சுட்டேன். அது நாலு எட்டு வைத்துக் காட்டுக்குள் போய்விட்டது. நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் ரத்தம் தேடினோம். ஒரு சொட்டு இல்லை. காயம் படவில்லை என்று உறுதியானபோது எனக்குக் கால் தளர்ந்துபோனது.

அடுத்த வாரம் சுட்டுப் பழகும் ரேஞ்சில் 100 மீட்டரில் சுட்டால் தோட்டா 14 சென்டிமீட்டர் இடது பக்கம் போய் விழுகிறது. 180 மீட்டருக்கு அது 25 சென்டிமீட்டர். மான் வலது பக்கம் திரும்பி நின்றிருந்தால் அந்தத் தோட்டா வயிற்றில் பாய்ந்திருக்கும், அது எங்கேயாவது புதருக்குள் போய் இரண்டு நாள் துடித்துச் செத்திருக்கும். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தின் திருகில் சாவியை வைத்தேன். இரண்டு விரலால் திருப்பவே அது சுழன்றது.

குற்றம் கடைக்காரருடையது என்று அப்போது கோபப்பட்டேன். இன்றும் அந்தக் கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் நான் பிழைப்பு நடத்துவதே திருகு முடுக்கித்தான். கம்ப்ரசரில் ஒரு நட்டைக்கூட, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடுக்க மாட்டேன். உயிர் எடுக்கும் சாதனத்தை மட்டும் அடுத்தவர் கையை நம்பி விட்டிருக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வளையத்தின் திருகுகளை 2 நியூட்டன் மீட்டர் அளவில், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்குகிறேன். உங்கள் வளையத்தின் தாளில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள். முடித்ததும் மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, திருகின் தலையிலிருந்து வளையத்தின் மேல் வரை ஒரு மெல்லிய கோடு போடுவேன். திருகு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். ஒவ்வொரு முறை பெட்டியிலிருந்து ரைஃபிளை எடுக்கும்போதும் என் கண் முதலில் போவது அந்த நான்கு சிவப்புக் கோடுகளுக்குத்தான்.

இப்போது வரும் ஸ்கோப்புகளில் மேலே ஒரு திருகுமுடி இருக்கும். ஒரு கிளிக் திருப்பினால் 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர் நகரும். 600 மீட்டருக்கு இத்தனை, 700-க்கு இத்தனை என்று திருப்பிச் சுடலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். தோட்டா விழுவதைக் கணக்குப் போடலாம், சரி. காற்றை? தூரம் இரண்டு மடங்கானால் காற்று தோட்டாவைத் தள்ளும் அளவு நான்கு மடங்குக்கு மேல் போகிறது. தெற்கு ஆல்ப்ஸில் நான் நிற்கும் மேட்டில் காற்று மேற்கிலிருந்து வந்தால், நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கில் அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். 600 மீட்டரைக் கடக்கத் தோட்டாவுக்குக் கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும். அதற்குள் மிருகம் ஒரு எட்டு வைத்துவிடும். என் எல்லை 300 மீட்டர். அதற்கு மேல் என்றால் நடந்து கிட்டே போவேன், முடியாவிட்டால் விட்டுவிடுவேன். அதனால் எனக்கு 3 முதல் 9 மடங்கு பெருக்கும் எளிய ஸ்கோப் போதும்.

தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கினால் சரிவின் கோணத்தைக் கணக்கில் எடுப்பதாக வாங்குங்கள். 30 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கும்போது கண்ணுக்கு நேர்த் தூரம் 300 மீட்டர் என்று காட்டினாலும், தோட்டாவுக்கு அது 260 மீட்டர் மாதிரிதான். 300 என்று நினைத்துச் சுட்டால் அரைச் சாண் உயரப் போய்விடும்.

இப்போது தெர்மல், அதாவது உடல் சூட்டைப் படமாகக் காட்டும் கருவி. உண்மையில் இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கையில் பிடித்துப் பார்க்கும் தெர்மல் கருவிகள் ஐந்தாறு வருடத்தில் சடசடவென்று விலை இறங்கிவிட்டன. போன வருடம் நானும் ஒன்று வாங்கினேன். 384-க்கு 288 புள்ளி சென்சார், ஜெர்மானியம் லென்ஸ். வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடிக்குள் நுழையாது, அதனால் லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். கார் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஜன்னல்தான் தெரியும். விடியற்காலையில் குளிர்ந்த மலையை அதில் பார்ப்பது ஒரு பரவசம். சாம்பல் நிறச் சரிவு முழுக்க முயல், போஸம் (possum) என்ற மரமேறிப் பிராணி, மான் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். வெயில் ஏறிப் பாறை சூடானதும் எல்லாம் ஒன்றாகிவிடும். அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு அதைப் போல ஒரு பொருள் இல்லை என்று நம்பினேன்.

இந்த வருடம் ஏப்ரல் முதல் வாரம். ஆண் மான்கள் கத்தும் காலம். ஓஹாவ் ஏரிக்கு மேலே ஹாப்கின்ஸ் பள்ளத்தாக்கில், பீச் (beech) மரக்காட்டின் ஓரத்தில் நானும் பெரியவரும் உட்கார்ந்திருந்தோம். சட்டப்படி சுடலாம் என்ற நேரம் தொடங்கிக் கால் மணி ஆகியிருக்கும். உள்ளேயிருந்து ஒரு கத்தல் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து வரும், கிழட்டு மாடு செருமுவது போன்ற சத்தம். பெரியவர் பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்துப் பதில் கத்தினார். ஐந்து நிமிடத்தில் அது இன்னும் கிட்டே கேட்டது.

தெர்மலை எடுத்தேன். சுமார் 120 மீட்டரில், விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால், ஒரு வெள்ளை உருவம். நீளவாக்கில், தரையோடு தாழ்ந்து, ஒரு பக்கம் சற்றே உயர்ந்து. தலையைத் தாழ்த்தி வரும் ஆண் மான் என்று என் மனம் அந்த நொடியே முடிவு கட்டிவிட்டது. முடிவு கட்டிய பிறகு நான் பார்த்ததெல்லாம் மானாகவே தெரிந்தது. கழுத்து தெரிந்தது. பின்தொடை தெரிந்தது. கொம்பு தெரியவில்லை, ஆனால் கொம்பில் சூடு இருக்காதே என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

பெரியவர் என் முழங்கையைத் தொட்டார். தன் மார்பில் தொங்கிய பைனாகுலரை விரலால் இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

தெர்மலைக் கீழே வைத்துவிட்டு என் பைனாகுலரை எடுத்தேன். அரையிருட்டு. பாசி படர்ந்த மரம். அதன் கீழே இலை. இலைக்கு நடுவே வளைந்து ஒரு கோடு. கோட்டில் சின்னச் சின்னதாக ஏதோ மினுங்கியது. ரொம்ப நேரம் அதையே பார்த்தேன். அது பூட்ஸ் கயிறு கோக்கும் வளையம்.

என் ரைஃபிளில் போல்ட் திறந்திருந்தது, குழலடியில் தோட்டா ஏறும் அறையில் தோட்டா இல்லை. சுடத் தயாராகும்வரை தோட்டாவை அறையில் ஏற்றக்கூடாது என்பது இங்கே உரிமத் தேர்வுக்குப் படிக்கும் ஏழு விதிகளில் மூன்றாவது. இலக்கு எது என்பதில் இம்மியும் சந்தேகம் இருக்கக்கூடாது என்பது நான்காவது. பெரியவர் எழுந்து நின்று கைகளை விரித்து, சாதாரணக் குரலில் "காலை வணக்கம்" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டார்.

மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு இளைஞர் எழுந்தார். இருபத்திரண்டு வயது இருக்கலாம். அவர் கையிலும் கத்தும் குழாய். கழுத்தில், நான் வைத்திருந்தது மாதிரியே ஒரு தெர்மல். எங்கள் அருகே வந்து எதுவும் பேசாமல் தன் ரைஃபிளைத் தரைப் பக்கம் திருப்பி போல்ட்டை இழுத்தார். ஒரு தோட்டா துள்ளிச் சருகில் விழுந்தது. பித்தளை பளபளத்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் பெரியவர் குனிந்து அதை எடுத்து, துடைத்து, அந்த இளைஞரின் உள்ளங்கையில் வைத்தார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். அந்தப் பையனுக்கு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

அவரும் எங்களைத் தெர்மலில் பார்த்திருக்கிறார். உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண் மான்கள் என்று நினைத்தாராம்.

இந்த நாட்டில் மான் என்று நினைத்து மனிதரைச் சுட்ட சம்பவங்கள் புதிதில்லை. தெர்மல் வருவதற்கு வெகு முன்பே நடந்தவை அவை, பல நேரங்களில் செத்தவர் சுட்டவரின் சொந்த நண்பர். சுட்டவர்கள் எல்லோரும் மானைப் பார்த்ததாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், பொய் சொல்லவில்லை, உண்மையாகவே மானைத்தான் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு என் கண்ணும் பார்த்ததே. தெர்மல் ஒரு உடல் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். யாருடைய உடல் என்று அதற்குத் தெரியாது. இன்னொன்றையும் யோசியுங்கள். நம்மை அடுத்தவர் பார்க்க வேண்டும் என்று ஆரஞ்சு நிறச் சட்டை போடுகிறோம். தெர்மலில் நிறமே கிடையாது. அந்த ஆரஞ்சு சட்டையும் ஒரு வெள்ளைத் திட்டுதான்.

தெர்மலை நான் விற்கவில்லை. எங்கே பைனாகுலரைத் திருப்ப வேண்டும் என்று அது காட்டுகிறது. ஆனால் தெர்மலை ரைஃபிள் மேலேயே பொருத்தும் ஸ்கோப்புகள் இப்போது வந்துவிட்டன. பொது நிலத்தில் பகலில், மற்றவர்களும் நடமாடும் காட்டில், அதை வைத்துக்கொண்டு ஒருவர் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பார்ப்பதற்கே துப்பாக்கியை நீட்ட வேண்டியிருக்கிறதே. சாதாரண ஸ்கோப்பைக்கூட மிருகத்தைத் தேட ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொன்றின் மீதும் குழல் திரும்பியிருக்கிறது.

ஆகவே தம்பி, உங்கள் 4,000-ல் முதல் 1,500 டாலரைப் பைனாகுலருக்கு ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தில் ரைஃபிள், ஸ்கோப், சப்ரசர் மூன்றும் இரண்டாம் கையில் வந்துவிடும், காகிதத்தில் சுட்டுப் பழக நான்கைந்து பெட்டித் தோட்டாவுக்கும் இருக்கும்.

என் முதல் பைனாகுலர் 120 டாலர். ஒரு மழைநாளில் உள்ளே ஆவி பிடித்து, இரண்டு நாள் போகவில்லை. காலையிலும் மாலையிலும், மிருகம் வெளியே வரும் அந்த இருபது நிமிடங்களில், அதில் எல்லாம் மண் நிறமாகத்தான் தெரியும். இப்போது வைத்திருப்பது 10x42. பத்து மடங்கு பெருக்கம், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். 42-ஐப் பத்தால் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 8x42 என்றால் ஐந்தேகால். அடர்ந்த காட்டுக்கும் நடுங்கும் கைக்கும் 8 நல்லது. திறந்த மலைச்சரிவுக்கு 10. பெருக்கம் கூடக் கூட நல்லது என்று 15-க்குப் போகாதீர்கள், கையில் நிற்காது.

வாங்கியதும் ஒரு சின்ன டிரைபாட் வாங்கி அதில் மாட்டிப் பாருங்கள். நான் ஆறு மாதம் கழித்துத்தான் செய்தேன், அந்த ஆறு மாதமும் வீண் என்று தோன்றியது. கையில் பிடித்துப் பார்க்கும்போது வெறும் பாறையாக இருந்த இடம், ஆட்டம் நின்றதும் காதை அசைத்தது. முழு மிருகத்தைத் தேடாதீர்கள். புல்லும் மரமும் நின்றுகொண்டிருக்கும், படுக்கைக்கோடாக இருப்பது எது என்று தேடுங்கள். முதுகு அப்படித்தான் இருக்கும். சரிவை மனதுக்குள் பட்டை பட்டையாகப் பிரித்து, வயலில் களை எடுப்பது மாதிரி இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் போங்கள். ஒரு சரிவுக்கு நாற்பது நிமிடம். பெரியவர் ஒரு நாளில் எட்டு மணி நேரம் பார்ப்பார், பாதி நாள் ஒரு தோட்டாவும் ஏற்றாமல் வீடு திரும்புவார்.

கடைசியாக அப்பாவைப் பற்றி.

2022 ஜூனில் நான் முதன்முதலாக ஒரு தாரைச் சுட்டேன். ஹிமாலயன் தார். 1904-ல் அவுராக்கி (மவுன்ட் குக்) மலையடிவாரத்தில் ஹெர்மிடேஜ் விடுதிப் பக்கம் கொண்டுவந்து விட்ட சில ஆடுகளின் வம்சம். 1993-ல் போட்ட திட்டப்படி 10,000-க்கு மேல் இருக்கக்கூடாது, ஆனால் அதை எப்போதோ தாண்டிவிட்டன. பெண் ஆடு, 210 மீட்டர், நின்ற இடத்திலேயே விழுந்தது. 14 கிலோ கறியை முதுகில் சுமந்து இறக்கினோம். மனைவி மிளகு போட்டு வறுத்தாள். அன்று இரவே அப்பாவுக்குப் படம் அனுப்பினேன்.

அவர் போனில் ரொம்ப நேரம் பேசவில்லை. "வரையாட்டையா சுட்டே?" என்றார்.

இது வேறு ஆடு என்றேன். ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள், மரபணுவைப் பார்த்தபின் நம் வரையாடு செம்மறிக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்து தனியாகப் பிரித்துவிட்டார்கள் என்றேன். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நம் வரையாடு 1,303-தான், இங்கே இவை காட்டையே தின்கின்றன என்று அப்புறம் ஒரு நாள் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரிப்பா" என்பார். அவர் குரல் மட்டும் அந்த முதல் கேள்வியிலேயே நின்றிருந்தது.

இந்த மே மாதம் அம்மாவும் அவரும் வந்தார்கள். அப்பாவுக்கு 71. ஒரு சனிக்கிழமை அவரை மட்டும் வண்டியில் ஹாப்கின்ஸ் கூட்டிப்போனேன், மானுமென்ட் ஹட் என்ற மலைக்குடில் வரை. ரைஃபிள் வீட்டுப் பெட்டியில் இருந்தது. மடக்கு நாற்காலி போட்டு, டிரைபாடை அவர் கண் உயரத்துக்கு இறக்கி, எதிர்ச்சரிவில் வைத்துக் கொடுத்தேன். கம்பளிக் குல்லாயை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

"பெரிய கிடா ஒண்ணு நிக்குது. கழுத்துல சிங்கம் மாதிரி மயிரு. நம்ம ஊர்ல இப்படிக் கிடையாது" என்றார்.

"ஆமாப்பா. நம்ம கிடாவுக்கு முதுகுதான் வெளுக்கும்."

"அது தெரியும் எனக்கு."

வெயில் சரிவை விட்டு ஏறிப் போயிற்று. கீழே ஆறு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. குளிருகிறது, கிளம்பலாமா என்று கேட்டேன். அவர் கண்ணைப் பைனாகுலரிலிருந்து எடுக்காமலே கையை நீட்டித் தேடி என் தோளைத் தட்டினார்.

"பேசாம இரு. எண்ணிட்டிருக்கேன்."